பன்னிரண்டாவது வளையல்

"ஐயோ… விழுந்துட்டான்! யாராவது வாங்களேன்!"

காலை பத்தரை. மாடியிலிருந்து கிழவியின் அலறல் தெருவைப் பிளந்தது.

அவள் மகன் ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். படிக்கட்டின் அடியில் கழுத்து திரும்பிச் செத்துக் கிடந்தான்!

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். வெறுங்கால். வலது பாதத்தில் ஏதோ மின்னியது.

பிடுங்கினாள்.

சிவப்புக் கண்ணாடிச் சில்லு… வளையல்!

கான்ஸ்டபிளோடு மேலே ஏறினாள். மேல்படி ஓரமெல்லாம் அதே சிவப்புச் சில்லுகள்.

அறையில், நாற்காலியில் அவன் அம்மா. இருபது வருடமாகப் பார்வை கிடையாது. காலடியில் மருமகள், தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியபடி.

"பெரியம்மா… உங்க பையன் விழுந்தப்போ மருமக எங்க இருந்தாங்க?"

"சமையக்கட்டுல மாவு பிசைஞ்சிட்டிருந்தா. வளையல் சத்தம் நிக்கவே இல்லை."

"நல்லா தெரியுமா?"

"என்னம்மா கேள்வி இது? பதினோரு வருஷமா எனக்குக் கண்ணே அந்தச் சத்தம்தான். வந்த அன்னைக்கே இவகிட்ட சொல்லிட்டேன். 'தங்கமெல்லாம் வேண்டாம்டி, கண்ணாடி வளையல் போடு. நீ எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியணும்'னு. இவ சிரிச்சாக்கூட முதல்ல வளையல்தான் சிரிக்கும்."

இன்ஸ்பெக்டர் மருமகளிடம் திரும்பினாள்.

"கையை நீட்டும்மா."

நீட்டினாள்.

இரண்டு கையும் வெறுமை! மணிக்கட்டில் கீறல்கள்.

கிழவிக்கு மட்டும் அது தெரியாது.

"புருஷன் போயிட்டான்னு கழட்டியிருப்பாங்க மேடம்…" கான்ஸ்டபிள் கிசுகிசுத்தார்.

"கழட்டலை, உடைஞ்சிருக்கு. அதுவும் அவன் விழறதுக்கு முன்னாடியே! சில்லை மிதிச்சிட்டுத்தான்யா விழுந்திருக்கான். அப்போ சமையக்கட்டுல எந்த வளையல் சத்தம் போட்டுச்சு?"

மருமகள் எழுந்தாள். தலைப்பு நழுவியது. கழுத்தில் ஐந்து விரல் தடம்… நீலமாக!

"நான்தான் மேடம். நான்தான் தள்ளினேன். அத்தைக்கு ஒண்ணும் தெரியாது."

"வாயை மூடுடி!"

கிழவியின் கை காற்றில் துழாவியது. மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தது. மேலும் கீழும் தடவியது.

"ஏண்டி… அடுத்த டஜனைப் போட்டுக்கலையா நீ?"

"எப்படி அத்தை போடுவேன்? அவர்தான் போயிட்டாரே…"

கிழவியின் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பொய் மாட்டிக்கொண்டது அவளுக்கு உறைக்கவேயில்லை. உறைத்தது வேறொன்று.

"அடிப் பாவி நான்! எப்ப உடைஞ்சாலும் உடனே புதுசு போட்டுக்குவாம்மா இவ. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதாம். இன்னைக்கும் போட்டிருப்பான்னு நெனச்சுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இவ தாலியை அறுத்தவளே நான்தாங்கிறதை மறந்துட்டேனே!"

இன்ஸ்பெக்டர் அதிர்ந்தாள்.

"நீங்களா…?"

"அவன் அடிக்கிறப்போ எண்ணுவேன். வழக்கமா நாலு உடையும், அஞ்சு உடையும். இன்னைக்குப் பன்னெண்டும் உடைஞ்சது. அப்புறம் சத்தமே இல்லை… இவ மூச்சுகூடக் கேக்கலை. 'இரு, கீழ போய் ஸ்பேனரை எடுத்துட்டு வந்து முடிக்கிறேன்'னு கிளம்பினான். படி ஓரத்துல சில்லு குத்தி, 'ச்சே'ன்னு நின்னான். பின்னாலேயே போய்க் கையை நீட்டினேன். முதுகு தட்டுப்பட்டுது…"

நிறுத்தினாள்.

"மடியில போட்டுத் தட்டித் தூங்க வச்ச முதுகும்மா. தொட்டதும் கை தட்டத்தான் போச்சு. ஒரு தட்டு தட்டிட்டுத்தான்… தள்ளினேன்."

மருமகள் அவள் மடியில் விழுந்து கதறினாள். கிழவியின் கை தானாக அந்த முதுகைத் தட்ட ஆரம்பித்தது… சட்டென்று பின்வாங்கியது.

கான்ஸ்டபிளின் இடுப்பில் இரும்பு உரசியது.

"அது என்ன சத்தம்? விலங்கா?"

"உங்களுக்கு அது வேண்டாம் பெரியம்மா." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் கையைத் தடுத்தாள்.

"பரவால்லை, போடச் சொல்லு."

கிழவி இரண்டு கைகளையும் நீட்டினாள். கணவன் செத்த நாளிலிருந்து, முப்பது வருடமாக எதையும் அணியாத கைகள்.

"இதாவது நல்ல சரக்கு. எவன் அடிச்சாலும் உடையாது!"