மூன்று மணி முறை

முழங்காலுக்குப் போடும் மெத்தை சூடாக இருந்தது.

யாரோ அப்போதுதான் எழுந்துபோன சூடு. நடுவில் இரண்டு முழங்கால்கள் அழுந்திய குழிகள் வேறு. மத்தியான வெயிலாக இருக்கும் என்று அக்கா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பக்கத்து அறையில் படுத்திருக்கும் தங்கைக்கு ஏழாம் மாதம். படுக்கையைவிட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், சபைப் பெண்கள் பிள்ளைக்காகச் சங்கிலி ஜெபம் ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம்; முடித்தவள் அடுத்தவளுக்குப் போன் போட்டு முறையை ஒப்படைக்க வேண்டும். மூன்றிலிருந்து நான்கு அக்காவுடையது. பன்னிரண்டு வருடம் ஒரு பிள்ளைக்காக முழங்கால் தேய்த்தவள். பொறுமை என்றாலே சபையில் அவளைத்தான் கைகாட்டுவார்கள். ஜெபத்தில் கண்ணை மூடினாலே தூங்கிவிழும் தங்கைக்கோ, கல்யாணமான மூன்றாம் மாதமே உண்டாகிவிட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? மூன்று நாளாக அக்கா தன் முறையில் வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்கு மணிக்கு அடுத்த முறைக்காரியான நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, "முடிச்சிட்டேன்" என்பாள்.

இன்று நர்ஸம்மா முந்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"நேத்து போனை வைக்க மறந்துட்டீங்க. அப்புறமும் ஜெபிச்சிட்டே இருந்தீங்க. கேட்டு எனக்கே அழுகை வந்துடுச்சு."

"நான் என்ன ஜெபிச்சேன்?"

"சரியா புரியலம்மா. தாரும், தாரும்னு ஒரே கண்ணீர்."

அக்கா போனை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய மின்விசிறி கடகடத்துக்கொண்டிருக்க, மருந்து நெடியும் காயாத துணியின் வாடையும் கதவிடுக்கு வழியாகக் கசிந்துவர, அந்தக் கடகடப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் மெல்ல ஊர்ந்து வந்தது. முணுமுணுப்பு. பெண் குரல்.

அக்காவுடைய குரலேதான்.

"அவகிட்டயிருந்து எடுத்து எனக்குத் தாரும்."

பிறகு தங்கை, தூக்கக் கலக்கத்தில்:

"கையை எடுக்கா. கனமா இருக்கு."

அக்கா எழுந்தாள். கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலருகே ஒருத்தி முழங்காலில் நின்றாள். அக்கா உடுத்தியிருந்த அதே பழுப்புச் சேலை. அதே கொண்டை. தங்கையின் வயிற்றின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள்.

ஆண்டவரே, அந்தப் பிள்ளையைக் காப்பாத்தும். நாலு நாளில் முதல் தடவையாக அக்கா அதை மனதார நினைத்தாள். சொல்லப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. மூன்று நாள் இறுக்கிய உதடு. விரலால் பிரித்துப் பார்த்தாள். முடியவில்லை.

கட்டிலருகே இருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஆமென்."

மின்விசிறி நின்றது. தங்கை கண் விழித்து வயிற்றைத் தடவினாள். ஒரு பக்கம். மறுபக்கம்.

"அக்கா. குழந்தை அசையவே இல்லையே."

வாசலில் நின்றிருந்த அக்காவின் வயிற்றுக்குள், பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, ஒரு சின்னக் கால் உதைத்தது.