சாணிப் பச்சைச் சுடிதார்

வெளியே மழை, வானத்தை மொத்தமாய்க் கவிழ்த்தது போல... கடைக்குள் நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் ஒரு குரல், கடையே அதிர:

"சாணிப் பச்சை."

திரும்பினாள். அவளுடைய புதுச் சுடிதாரை நோக்கி ஒரு விரல். விரலில் தடித்த மோதிரம். அதற்குப் பின்னால் சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன். அவள் முறைத்த முறைப்பில் அவன் சட்டை அங்கேயே காய்ந்திருக்க வேண்டும்.

"எதுங்க சாணி? நேத்துதான் எடுத்தேன்."

"நான் சொல்லலைங்க, மோதிரம் சொல்லுச்சு. நூலைக் காட்டினேன், நீங்க குறுக்க வந்துட்டீங்க. நான் டெய்லர். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்... இந்த மோதிரம் நிறத்தைப் பார்த்துச் சொன்னாதான் நூல் பொருந்தும்."

"உங்க கண்ணுக்கு இது எப்படித் தெரியுது?"

"அழகா."

இப்படியா பட்டென்று சொல்வான்... அவன் பதறி விரலை மடக்க, கைக்குள்ளிருந்து மோதிரம் முனகியது: "வெளிச்சம் போதவில்லை."

அவள் சிரித்துவிட்டாள்.

அதன்பின் அவன் வாங்கிய நூலை நீட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். ஒரு பொத்தானுக்கு ஒரு கண்டு. கடைசியில் அவள் அப்பாவிடமே பெண் கேட்டு நின்றான்.

"மோதிரத்தைக் கழட்டு தம்பி," என்றார் நூல்கடைக்காரர். "கழட்டிட்டு மெரூன் கண்டை எடு. நிறம் தெரியாதவனுக்குப் பொண்ணைக் குடுத்தா ஊரு சிரிக்கும்."

"கழட்டினா தப்பாத்தான் எடுப்பேன் சார். அதனால கழட்ட மாட்டேன். கல்யாணத்துக்கும் இதோடதான் வருவேன்."

"திமிரு."

மகள் அவர் மூக்கிலிருந்த கண்ணாடியை உருவினாள். "இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்கப்பா."

நூல், ஊசிக் காதைத் தவிர உலகத்தின் எல்லாத் திசைக்கும் போய் வந்தது.

"கண்ணாடியைக் குடும்மா."

"ஊரு சிரிக்குமேப்பா."

அவர் ஊசியை வைத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். பிறகு, "மோதிரத்தோடயே வரட்டும்," என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

நூல் அடுக்கின் மறைவில் அவள் கேட்டாள். "அப்பாகிட்ட அவ்வளவு பேசினீங்க. என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே..."

"பிடிச்சிருக்குங்க. அந்த மழையிலேயே."

"எனக்கும்தான்... கன்னம் சிவந்திருக்கான்னு மோதிரத்தைக் கேளுங்க."

அவளே அவன் விரலைப் பிடித்துக் கன்னத்தருகே வைத்துக்கொண்டாள். இரண்டு முகமும் அவ்வளவு நெருக்கத்தில் கவிந்திருக்க, மோதிரம் தெருக்கோடி வரை கேட்கும்படி அறிவித்தது:

"வெளிச்சம் போதவில்லை."