உள்ளே கரி, வெளியே எண்ணெய்

"துப்பாக்கியைத் தரமாட்டேன். அதுக்கு ஜெயிலுன்னா போட்டுக்கிடட்டும். இதை நல்ல தமிழ்ல எழுதித் தர ஒரு வக்கீல் வேணும்" என்றார் சீனியம்மாள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

வக்கீல் ஹபீபுன்னிசா பேனாவை மூடி வைத்தார். குமாஸ்தா கருத்தையா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பதினெட்டு வருஷமாக வரப்புத் தகராறு எழுதி அலுத்த கை அவருடையது.

"யாரு கேக்கா?" என்றார் ஹபீபுன்னிசா.

"பாரஸ்ட் ரேஞ்சர். வியாழக்கிழமை விடியக்காலை செண்பகத்தோப்புக் காட்டுல ஒரு மிளா மானைச் சுட்டிருக்காங்க. ரெண்டு தோட்டாக் கூடும் அங்கயே கெடந்துச்சாம். மறுநா என் பேரைப் போட்டு அவருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. ராஜபாளையத்துல எங்க வீட்டுக்கே வந்து பாத்தாரு. ஒரு துப்பாக்கிக் குழலுக்குள்ள ஒரே கரி, மருந்து வாடை."

"சுட்டீங்களா?"

"எம் புருஷன் போயி ஆறு வருஷம். அது ஒரு கொக்கைக்கூடச் சுடல. ஞாயிறுக்கு ஞாயிறு துடைச்சு வைக்கிறதோட சரி."

மூன்று இரட்டைக்குழல் துப்பாக்கிகள். கணவர் ராஜரத்தினம் தேடித்தேடிச் சேர்த்தவை. அவற்றில் வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பழைய துப்பாக்கிதான் மாட்டிக்கொண்டது. மூன்றுக்கும் தன் பெயரில் லைசென்ஸ் வாங்க சீனியம்மாள் இரண்டு வருஷம் கலெக்டர் ஆபீஸ் படி ஏறியிருந்தார். வேட்டை வழக்கு என்று வந்தால் லைசென்ஸ் போகும். நாளைக் காலை ரேஞ்சர் மறுபடி வருகிறார்.

"வியாழன், வெள்ளியில துப்பாக்கி இருக்கிற ரூமுக்குள்ள யாரு போனாங்க?"

"கொழுந்தன் காசிராஜன்கிட்ட துப்பாக்கி அலமாரிக்கு ஒரு சாவி இருக்கு. பொறவு சுப்புராஜ் அண்ணாச்சி. எம் புருஷனோட சிநேகிதரு. அவியகிட்டயும் ரெண்டு துப்பாக்கி உண்டு. குழலைத் துடைக்கிற கம்பியை எரவல் வாங்கிட்டுப் போயிருந்தாக. வியாழக்கிழமை மத்தியானம் திருப்பித் தந்தாக. அதை வைக்க அலமாரியைத் திறந்துவிட்டுட்டு நான் காப்பி போடப் போனேன். அம்புட்டுதான்."

சாயங்காலமே வக்கீலும் குமாஸ்தாவும் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்கள்.

துப்பாக்கி அறையில் கண்ணாடி போட்ட மர அலமாரி. மூன்று துப்பாக்கிகளும் குழல்வாய் கீழே இருக்கத் தலைகீழாக நின்றன.

"ஏன் தாயி கவுத்து வச்சிருக்கீக?" என்றார் கருத்தையா.

"நேரா வச்சா எண்ணெய் வழிஞ்சு பிடிக்கட்டையில எறங்கும். மரம் ஊறிப்போகும்."

காசிராஜன் உள்ளே வந்தார். "இதுதாங்க வக்கீலம்மா அந்தச் சனியன்" என்று ஒரு குழலைப் பிடித்தார்.

"கையை எடு! வேர்வை பட்டா துருப்பிடிக்கும்னு எம்புட்டு தடவ சொல்றது?"

"பொம்பளைக்கு எதுக்கு மதினி வெடி? எல்லாத்தையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருங்க."

"எனக்கு நிம்மதி இதுலதான் இருக்கு. நீ போயி உன் சோலியப் பாரு."

சீனியம்மாள் கைக்குட்டையால் பிடித்துத் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பித்தளை உருளைகள். பொய்த்தோட்டா. உள்ளே சுருள்வில் இறுகியே கிடந்து தளர்ந்துவிடாமலிருக்க, துடைத்து முடித்ததும் இதைப் போட்டு விசையை ஒருமுறை தட்டி விடுவார்கள். ராஜரத்தினம் கடைசல் பட்டறையில் செய்தது.

கருத்தையா குழலை ஜன்னல் பக்கம் நீட்டிக் கண் வைத்தார். "கரி நீளநீளமா கோடு போட்டிருக்கு வக்கீலம்மா. ஆனா வெளியில பாருங்க, கண்ணாடி மாதிரி மினுங்குது."

"மத்த ரெண்டும்?"

"மங்கலாத்தான் இருக்கு."

"போன ஞாயித்துக்கெழமை பூசுன எண்ணெய். காஞ்சிருக்கும்" என்றார் சீனியம்மாள்.

ஹபீபுன்னிசா பொய்த்தோட்டாக்களின் அடிப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளம்பினார்.

பஸ்ஸில் கருத்தையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "காசிராஜன்தான். சாவி இருக்கு, துப்பாக்கி மேல வெறுப்பும் இருக்கு."

"வெறுப்பு இருக்கு, சரி. எண்ணெய் யாரு பூசினா கருத்தையாண்ணே?" என்றார் ஹபீபுன்னிசா.

மறுநாள் காலை ரேஞ்சர், காசிராஜன், ஹபீபுன்னிசா வரச் சொல்லியிருந்த சுப்புராஜ் எல்லோரும் அதே அறையில் கூடினார்கள். சுப்புராஜ் ஆறுதலாகப் பேசினார். "தங்கச்சி, வழக்கு வாறதுக்கு முன்னால இதை எனக்கு வித்ததா எழுதிருவோம். என் லைசென்ஸ்ல இன்னொண்ணுக்கு இடமிருக்கு. பொருள் நல்ல கையில இருக்கும்லா?"

"என் கைக்கு என்ன கொறச்சல்?" என்றார் சீனியம்மாள்.

ஹபீபுன்னிசா ரேஞ்சரிடம் அந்த இரண்டு தோட்டாக் கூடுகளையும் கேட்டு வாங்கி, பொய்த்தோட்டாக்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"விசையைத் தட்டுனா உள்ள இருக்கிற ஊசி தோட்டா அடியில குத்தும். அந்தப் பள்ளத்தைப் பாருங்க. இந்தத் துப்பாக்கியோட ரெண்டு ஊசியும் தேய்ஞ்சு ஓரத்துல குத்துது. ஆறு வருஷமா ஞாயிறுக்கு ஞாயிறு ஒரே இடத்துல குத்தியிருக்கு. காட்டுல கிடைச்ச கூடு ரெண்டுலயும் பள்ளம் நட்ட நடுவுல இருக்கு. மிளாவைச் சுட்டது வேற துப்பாக்கி."

ரேஞ்சர் குனிந்து பார்த்தார். "அப்ப உள்ள இருக்கிற கரி?"

"சுட்ட கரி குழலைச் சுத்திப் படியும். இது கம்பி போன தடத்துல நீளமா இருக்கு. வேற துப்பாக்கியைத் துடைச்ச அழுக்குத் துணியைக் கம்பியில சுத்தி உள்ள விட்டிருக்காங்க. இந்தத் துப்பாக்கி வீட்டைவிட்டே போகல."

காசிராஜன் ஒரு அடி பின்வாங்கினார். "என்னைப் பாக்காதீங்க. எனக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றார் ஹபீபுன்னிசா. "நீங்க செஞ்சிருந்தா வெளியில உங்க வேர்வைக் கை பதிஞ்சிருக்கும். இதைச் செஞ்சவரு உள்ள கரியைப் பூசிட்டு, வெளியில தன் கை பட்ட இடத்தையெல்லாம் புது எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்காரு. பொய்த்தோட்டாவைப் பழையபடி போட்டிருக்காரு. மாட்டிவிடுறதுதான் நோக்கம். ஆனா இரும்புல ஒரு பொட்டுத் துருப்பிடிக்கவும் அவருக்கு மனசு வரல. நாளைக்குத் தன் வீட்டுக்கு வரப்போற பொருள் இல்லையா? கம்பியைத் திருப்பித் தர வந்து, காப்பி வர்ற வரைக்கும் இங்கே தனியா இருந்தது நீங்கதானே சுப்புராஜ் அய்யா?"

சுப்புராஜின் கண் அந்தத் துப்பாக்கியை விட்டு நகரவில்லை. "பத்து வருஷமா கேட்டேன்" என்றார் மெதுவாக. "இதோட அருமை ஒரு பொம்பளைக்கு என்ன தெரியும்?"

"உங்க துப்பாக்கி ரெண்டையும் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார் ரேஞ்சர். "ஊசி எங்க குத்துதுன்னு பாத்துருவோம்."

சீனியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றினார். குழலுக்குள் விட்டு, திருகி, இழுத்தார். இன்னொரு துணி. இன்னொன்று. நாலாவது துணி வெள்ளையாகவே வந்தது. குழலுக்குள் வெளிச்சம் வட்டமாக ஓடியது.

"ரேஞ்சர் சார், இது உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம்மா. உள்ள வைங்க."

குழல்வாய் கீழே இருக்க அதை நிறுத்தி, அலமாரியைப் பூட்டினார். காசிராஜனிடம் கையை நீட்டினார். அவர் மறுபேச்சில்லாமல் தன் சாவியைக் கொடுத்தார்.

பிறகு மூன்று கரித்துணிகளையும் நாலாக மடித்து சுப்புராஜின் கையில் வைத்தார்.

"உங்க அழுக்கு அண்ணாச்சி. மறந்து வச்சுட்டுப் போயிட்டீக."