தாமரைக்குக் கீழே

அக்காவின் கல்யாணக் கசெட் இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம் ஓடும். அதைக் கணினியில் ஏற்றவும் அதே இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம்தான் வேண்டும். நாடா ஓடுகிற வேகத்தில்தான் படம் உள்ளே வரும், அவசரப்படுத்த முடியாது. பூரணி ஏற்றி முடித்துப் பார்த்தபோது கணினி இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் காட்டியது.

பழைய நாடாவில் இடையிடையே படம் விடுபடும். விடுபட்டால் நேரம் குறையும். கூடுவதற்கு வழியே இல்லை. வந்தாறுமூலைக் கம்பஸில் பௌதிகம் படித்தவளுக்கு அது தெரியும்.

செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. மாரி தொடங்கி இரண்டு கிழமை. யன்னலுக்கு வெளியே பஸ்களின் ஹோர்ன் சத்தமும், ஆமிச் சென்ட்ரியில் மறித்து இறக்கிவிடப்பட்ட சனங்கள் சேற்றில் செருப்பை இழுத்து நடக்கிற சத்தமும் மழைக்குள் கரைந்து வந்தன. உள்ளே, நாடா ஓட்டிச் சூடாகிப்போன டெக்கின் மணத்தோடு, பூஞ்சணம் பிடித்த நாடாவின் மணம் ஈரச் சாக்கைப் போலத் தொண்டையில் உட்கார்ந்தது.

"என்ன புள்ள, டெக் நாடாவத் திண்டுட்டுதோ?" முதலாளி அருமைநாயகம் கமராப் பையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல சேர். ஒரு நிமிசம் கூடக் காட்டுது."

"கூடினா நல்லந்தானே. குறைஞ்சாத்தான் கல்யாண வீட்டுக்காரர் அடிக்க வருவாங்க." சிரித்தார். "அதுசரி, சென்ட்ரியில நிக்கிற ஆமிக்காரன்கூட என்னை அண்ணன் எண்டு கூப்பிடுறான். நீ மட்டும் சேர், சேர். நான் என்ன, பிரம்பு வெச்சிருக்கனா?"

பூரணி தலையைக் குனிந்து சிரித்தாள். அண்ணன் என்கிற சொல் அவளுக்கு வருவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி. சொல்ல வாயெடுத்தால் உதட்டின் மேல் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். தங்கராசா. தொண்ணூறாம் ஆண்டு ஆமி பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது, பூரணிக்கு நான்கு. அவன் முகம் அவளுக்கு நினைவில்லை. வீட்டில் ஒரு படமும் இல்லை. இருந்ததையெல்லாம் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். "எங்கயோ உசிரோட இருக்கான்" என்று மட்டும் சொல்வாள். பதினெட்டு வருடமாக அதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

போன மாதம் அம்மாவின் கண்ணில் படர்ந்திருந்த வெள்ளையை வெட்டி எடுத்தார்கள். கட்டவிழ்த்ததும் அம்மா முதலில் கேட்டது கசெட்டைத்தான். "கொம்பியூட்டர்ல அழிஞ்சதும் திரும்பி வருமாமே. அவன்ட முகத்த ஒருக்காப் பாத்தாக் காணும், புள்ள."

வராது என்று பூரணிக்குத் தெரியும். ஆனாலும் கசெட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

தங்கராசா வர வேண்டிய இடத்தை அவள் திருப்பி ஓடவிட்டாள். மாப்பிள்ளை பந்தல் வாசலுக்கு வருகிறார். பலகையில் ஏறி நிற்கிறார். பெண்ணின் தம்பி செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலைக் கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். அந்த இடத்தில் படம் வெட்டுப்பட்டது. திரை முழுக்க ஒரு தாமரை. இளஞ்சிவப்பு, அசையாதது. தாமரைக்குப் பின்னால் மேளம். மேளத்துக்குக் கீழே, காலில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"அது என்ட வேலைதான்," அருமைநாயகத்தின் குரல் தணிந்தது. "அந்த நாளில ஆமிக்காரர் வீடு வீடா ஏறி அல்பம், கசெட் எல்லாம் பாத்தாங்க. இயக்கத்துக்குப் போன பொடியன் ஒரு படத்தில நிண்டாலும் வீட்டோட ஏத்திருவாங்க. தாய்மார் சீலைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு வருவாங்க. பொடியன் வாற இடமெல்லாம் இந்தக் கலண்டர்த் தாமரையப் போட்டன். எத்தினை பேரெண்டு எனக்கே தெரியா."

"சத்தம் இருக்கே, சேர்."

"படத்தத்தான் அழிச்சன். சத்தத்துக்கு முகமில்லையே."

நாளைக்குத் தேற்றாத்தீவில் ஒரு கல்யாணம், ஸ்டூடியோவின் திறப்பை மருந்துக்கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பூரணி தாமரையின் நேரத்தை அளந்தாள். நாடாவில் நாலு நிமிடம். கணினியில் ஐந்து. கூடின நிமிடம் அங்கேதான் இருந்தது. மேளம் நின்ற பிறகும் அந்த ஒரு நிமிடம் முழுக்கத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு செம்பில் அவ்வளவு தண்ணீர் கொள்ளாது.

அன்று வீட்டில் சூரை மீன் குழம்பு. தன்னாமுனையில் அவர்களுடைய வீட்டுப் பின்கோடியிலேயே வாவி; ஊரார் அதை ஆறு என்பார்கள். விடிய விடியத் தோணிக்காரர் மீனும் இறாலுமாகக் கரைக்கு வருவார்கள். ஆனால் அம்மா கடல் மீன்தான் வாங்குவாள். "சீதேவிப்பிள்ளைக்கு எங்கட ஆத்து மீன் பிடிக்காதாம், பெரிய இடத்துப் பொம்புள" என்று பக்கத்து வீட்டுக் கனகமணி அக்கா அம்மாவைச் சொல்லி வேலிக்கு மேலால் கத்துவாள். அம்மா சூரையைத் துண்டு போட்டுக்கொண்டே இருப்பாள்.

"வந்திட்டானா?" அம்மா கேட்டாள்.

"சத்தம் மட்டுந்தான் கிடக்கம்மா. தண்ணி ஊத்துற சத்தம்."

அம்மாவின் கை சோற்றுக்குள் நின்றது. பிறகு, "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

காலையில் பூரணி முதலில் தனியாகப் போனாள். அம்மா வருவதற்குள் அதைச் சரிப்படுத்த வேண்டும் என்று நினைத்தாள். டெக்கின் தலையைத் துடைத்தாள். வயர்களை மாற்றினாள். தாமரை வருகிற இடத்தை மட்டும் மறுபடி ஏற்றினாள்; ஹெட்போனைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

மேளம். தண்ணீர். மேளம் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் அது இப்போது காலில் விழுகிற தண்ணீர் இல்லை. கரையில் மெல்ல மெல்ல ஏறி இறங்குகிற தண்ணீர், கண்ணா மரப் பற்றைகளின் வேர்களுக்குள் புகுந்து களக் களக் என்று திரும்புகிற தண்ணீர், பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் கேட்டு வளர்ந்த தண்ணீர். அதற்குள் சப்பாத்துகள் நடந்தன. சேற்றில். நிதானமாக.

பிறகு ஒரு குழந்தை.

"அண்ணா."

பெண்குழந்தை. நாலு வயது இருக்கும். இன்னொரு தரம் கூப்பிடத் தொடங்கியது.

"அண்..."

சொல் பாதியில் அடைத்துப்போனது. மூச்சு மட்டும் வந்தது. மூக்கால். வேகமாக.

பூரணிக்கும் மூச்சு அப்படித்தான் வந்தது. உதட்டின் மேல் ஈரம். தொட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்பாகச் சேறு. முகர்ந்தாள். வாவி.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். தாமரை அசையவில்லை. அதன் இதழ்களின் ஓரத்தில் மட்டும் நிறம் சற்றே இறங்கியிருந்தது, நனைந்த கடதாசியில் மை இறங்குவதுபோல.

அம்மா மத்தியான பஸ்ஸில் வந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்து, திரைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"வேணாம் அம்மா. வீட்ட போவம்."

"போடு."

"அதில ஒண்டுமில்ல. வெறும் தாமரை."

"போடு, புள்ள."

பூரணி நாடாவைத் தள்ளினாள். பலகை. மாப்பிள்ளையின் கால்கள். தாமரை. அம்மா தானாகவே ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். பூரணிக்கு இப்போது ஒன்றும் கேட்கவில்லை, மழையைத் தவிர. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்து, அயல்வீட்டில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. அதில் கணினி மட்டும்தான் கொழுவியிருந்தது. டெக் இல்லை. டெக்கின் வெளிச்சம் அணைந்து, நாடா நின்றுவிட்டது. திரை நீலமாக வேண்டும்.

ஆகவில்லை.

தாமரை ஊறிக் கரைந்தது. இளஞ்சிவப்பு கீழே வழிந்தது. பின்னால் ஒரு முதுகு தெரிந்தது. குனிந்த முதுகு. வெள்ளை சேட் ஒட்டிக் கிடந்தது. கையில் செம்பு. செம்பிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பலகையில் மாப்பிள்ளையின் கால்கள் இல்லை. சப்பாத்துகள். இரண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. அவன் கழுவினான். சேறு போகவில்லை. கழுவினான்.

"அம்மா, கழட்டுங்க."

அம்மா கழற்றவில்லை.

பூரணி யூபிஎஸ்ஸை அணைத்தாள். கீக் சத்தம் நின்றது. கணினி நின்றது. திரை மட்டும் நிற்கவில்லை.

தண்ணீர் இப்போது அறைக்குள் கேட்டது. ஹெட்போன் இல்லாமல். சுவரோரத்தில். கதிரைக் கால்களில்.

முதுகு நிமிர்ந்தது.

மெல்லத் திரும்பினான்.

அவளுடைய மூக்கு. அவளுடைய நெற்றி. மேல் உதட்டில் இன்னும் சரியாக வளராத மீசை. இதுதானா அவன்? இவ்வளவு சின்னப் பொடியனா? இன்றைக்கு அவளைவிட இளையவன். ஒரு பக்கக் கன்னம் இல்லை. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தான். நாலு வயதுப் பிள்ளை நிற்கிற உயரத்தை.

பூரணியின் வாய் திறந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது.

"அண்..."

ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

அம்மாவின் கை. ஈரம். சேற்று மணம். பல்லில் மணல் நெறிந்தது. எவ்வளவு இழுத்தும் கை விடவில்லை. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"ஆத்தங்கரையில பொடியன்மார வரிசையாக் கிடத்தியிருந்தாங்க," என்றாள். "எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாங்க. இதில ஆரும் உங்கட பிள்ளையா எண்டு கேட்டாங்க. உன்ட அக்காட புருசன், அத்தான், எங்கட வீட்டு முகட்டுக்குள்ள ஒளிச்சிருந்தார். ஓம் எண்டா வீட்ட வந்து அவரையும் பிடிச்சிருப்பாங்க."

திரையில் அவன் உதடு அசைந்தது. அறைக்குள் தண்ணீர் அவர்களின் கணுக்காலைத் தொட்டது.

"நீ மட்டும் கூப்பிட்டாய். நான் உன்ட வாயப் பொத்திப்போட்டு, இல்லை எண்டன். எங்கட பிள்ளை இல்லை எண்டன். பிறகுதான் தூக்கி ஆத்தில போட்டாங்க."

கை இன்னும் இறுகியது.

"அப்ப அவன் கண்ணத் திறந்து எங்களைப் பாத்துக்கொண்டு கிடந்தான், புள்ள. உசிர் இருந்திச்சு."