தீத்திரைக்கு அந்தப் பக்கம்

திரை தரையைத் தொட்ட சற்று நேரத்தில் அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. அதிகமில்லை, ஒரு விரல் அகலம்தான். மெக்கானிக் குனிந்து தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தால் பினாயில். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த மூன்றாம் தளம் அது. புது டைல்ஸ் போட்டு, புது பெயிண்ட் அடித்து, புதுத் தீத்திரையும் மாட்டி, நாளைக் காலை திறக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இங்கே வந்து தரை துடைக்க யாருக்குத் தலையெழுத்து?

தளத்தின் நடுவில் ஒரு சுவர் கிடையாது. பார்க்க விசாலமாக இருக்கட்டும் என்று சுவர்களை இடித்துத் தள்ளியவர்கள், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று பிறகு யோசித்து, கூரைக்குள் ஒரு துணிச் சுவரைச் சுருட்டி வைத்தார்கள். அலாரம் அடித்தால் இறங்கும். நெருப்பையும் புகையையும் அந்தப் பக்கமே நிறுத்திவிடும். ஆள் மாட்டிக்கொண்டால் தூணில் ஒரு பச்சைப் பட்டன் உண்டு. அழுத்தினால் திரை ஓர் ஆள் உயரம் ஏறி, பத்து விநாடி நின்று, மறுபடி இறங்கும். இந்தப் பக்கத் தூணிலும் அதேபோல் ஒன்று. இரண்டும் வேலை செய்கின்றன என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "அஞ்சே நிமிஷம் சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே வந்திருந்தான். நாள் முழுக்க இழுக்கும் வேலைக்கும் அவன் அதையேதான் சொல்வான்.

"ஏசி தண்ணியா இருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னான். ஏசி ஓடவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் 'டக்' என்றது. கூரைக்குள் மோட்டார் முனகியது. அவன் எதையும் தொடவில்லை. திரை தானாக ஏறியது. பிளாஸ்டிக் உறை மாட்டிய மேஜைகள், திறக்காத கண்ணாடி ஜன்னல்கள், மத்தியான வெயில். ஆள் இல்லை. தரையில் மட்டும் துடைத்த ஈரம், பட்டை பட்டையாக, பின்பக்கமாக நடந்துகொண்டே துடைத்தால் விழுகிற மாதிரி. கடைசிப் பட்டை பச்சைப் பட்டன் இருந்த தூணடியில் முடிந்திருந்தது. பத்து விநாடி கழித்துத் திரை இறங்கியது.

அவன் மேனேஜருக்குப் போன் போட்டான்.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

"சார், மேல துடைக்கிறவங்க யாரையாவது அனுப்பினீங்களா?"

"சாவி உன்கிட்டதானே இருக்கு? யார் வரப்போறா?"

"இல்ல சார், பட்டன்ல ஏதோ கோளாறு. திரை தானா ஏறுது."

"நல்லா இருக்குய்யா உன் வேலை! போன தடவை அந்தம்மாவுக்குப் பட்டனை அழுத்தவே தெரியலைன்ன. இப்ப யாரும் அழுத்தாமலே ஏறுதா? நாளைக்குப் பெரியவங்கல்லாம் வராங்க. சொதப்பிடாதே."

போன் வைக்கப்பட்டது.

அந்தம்மாவை எல்லோரும் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து இந்தத் தளம் முழுவதையும் துடைப்பாள். ஏழு மாதத்துக்கு முன், அன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில் மின்சாரக் கோளாறில் தீப்பிடித்தது, திரை இறங்கியது, அவள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். படிக்கட்டோ இந்தப் பக்கம். விசாரணையில் மெக்கானிக், "பதட்டத்துல பட்டனை அழுத்தத் தெரியல சார் அந்தம்மாவுக்கு" என்றான். குரல்கூட நடுங்கவில்லை. பின்வரிசையிலிருந்து அவளுடைய மகள் எழுந்து, "எங்கம்மா அந்தத் தூணை வாராவாரம் துடைப்பாங்களே. பட்டன் எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று கேட்டாள்.

அழுத்தியிருப்பாள். நூறு தடவை அழுத்தியிருப்பாள். ஆபீஸ் பிள்ளைகள் விளையாட்டுக்கு அழுத்தி அழுத்தி அவனுடைய சோதனைகளைக் கெடுத்தார்கள் என்று, தீப்பிடிப்பதற்கு நாலு மாதம் முன்பே அவன் அந்தப் பட்டனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியை மட்டும் திரும்ப மாட்டியிருந்தான். இரண்டு ஸ்க்ரூ, ஒரு ஒயர். சோதனை முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, அப்படியே மறந்தும் போனான்.

'டக்.'

திரை மறுபடி ஏறியது. பினாயில் நெடி முகத்தில் அடித்தது. ஈரப் பட்டைகள் இப்போது திரை விழும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்திருந்தன.

பயம் முற்றினால் சிலருக்குக் கோபம் வரும். அவனுக்கு வந்தது. செத்தவள் அழுத்துகிறாளாம், திரை ஏறுகிறதாம்! வழக்கமான வைத்தியம்தான் கைக்கு வந்தது. போனையும் பையையும் அங்கேயே போட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயருமாகக் குனிந்து உள்ளே ஓடினான். மூடியைக் கழற்றினான். ஒயரைக் கத்தரித்தான்.

"இப்ப அழுத்து, பார்க்கலாம்!"

முதுகுக்குப் பின்னால் திரை தரையைத் தொட்டது.

பத்து விநாடியை அவன் எண்ணவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் எண்ணவில்லை. படிக்கட்டு அந்தப் பக்கம். போன் அந்தப் பக்கம். ஒயரின் இரண்டு நுனிகளையும் முறுக்கிச் சேர்த்துப் பட்டனை அழுத்தினான். ஒன்றுமில்லை. அவிழ்த்து, மறுபடி முறுக்கினான். அழுத்தினான். ஒன்றுமில்லை.

பினாயில் வாசனை இப்போது இல்லை. பிளாஸ்டிக் கருகும் வாசனை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். கோடியில் மேஜை உறைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வெயில் இல்லை. புகை. சத்தமே இல்லாமல், கூரையை ஒட்டி, அவனை நோக்கி.

"யாராவது இருக்கீங்களா? திறங்க!"

உள்ளங்கையால் திரையை அறைந்தான். தொப். தொப். தொப். அந்தச் சத்தத்தை அவன் கேட்டிருக்கிறான். விசாரணையில் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அன்றைக்கு அவன் திரைக்கு வெளியே நின்றான். இரண்டாம் தளத்தில் வேலையாக இருந்தவன் அலாரம் கேட்டு ஓடி வந்தான். துணியில் அறை விழுந்தது. "தம்பி, தம்பி" என்றாள். வெளிப் பட்டன் வேலை செய்தது. விரலை வைத்தும்விட்டான். வெளியே வந்தால் முதலில் எதைச் சொல்வாள்? பட்டன் வேலை செய்யவில்லை என்பதை. விரலை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

வெளியே வாளி உருண்டு வந்து நின்றது.

மோட்டார் முனகியது. திரை ஒரு சாண் எழும்பி நின்றது. அவன் தரையில் விழுந்து பார்த்தான். வெளிச்சம். சுத்தமான காற்று. இரண்டு பாதங்கள், ஈரமாக, விரல்கள் அவனைப் பார்த்தபடி.

"அக்கா! நான்தான்கா ஒயரைப் பிடுங்கினேன். எல்லார்கிட்டயும் சொல்றேன். கால்ல விழறேன். அழுத்துங்கக்கா!"

அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, தரை ஈரம், பார்த்து நட என்று சொல்கிற அதே குரல்.

"பட்டன் உன் பக்கத்துலதானே இருக்கு தம்பி. அழுத்துப்பா."

திரை இறங்கியது. இருட்டு. சூடு. அழுத்தினான். அழுத்தினான். காலடி விலகிப் போகவில்லை.

அவன் முகத்துக்கு நேராகத் துணி லேசாகப் புடைத்தது. வெளியிலிருந்து ஓர் உள்ளங்கை, ஐந்து விரலும் விரிந்து. அது அறையவில்லை, தள்ளவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சூடு பார்ப்பதுபோல் அப்படியே வைத்திருந்தது.