பன்னிரண்டாவது பிறழ்வு

காலை 10.20.

திரையில் மூன்றாவது பக்கம் வந்தபோதே மாணவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ஐந்தாவது பக்கத்தில் எழுந்தே விட்டான்.

"இது என் திட்டம்! இவ திருடிட்டா!"

கூட்ட அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் நின்றவள் எதிர் ஆய்வகத்துப் பெண். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள் என்பதால் எல்லோரும் அவளைப் புயல் என்றே கூப்பிடுவார்கள். நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டரை ஆறு மாதத்துக்கு யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம்.

அவள் காட்டிக்கொண்டிருந்தது ஒரு தசைப் புரதம். புரதம் என்பது சில நூறு கண்ணிகள் கோத்த சங்கிலி. அதில் ஒரு கண்ணி மாறிப் பிறந்தால் அதற்குப் பெயர் பிறழ்வு. அந்த ஒன்றே போதும், ஆளின் தசையெல்லாம் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். அப்படிப் பன்னிரண்டு பிறழ்வுகளைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்து, சங்கிலி எங்கே இடறுகிறது, எந்த மருந்து போய்த் தாங்கிப் பிடிக்கும் என்று தேடுவது திட்டம்.

மாணவன் மூன்று வருடமாகத் தீட்டி வந்த திட்டமும் அதுவேதான். அதே புரதம், அதே பன்னிரண்டு. பதினொன்று பொதுப் பட்டியலில் இருப்பவை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பன்னிரண்டாவது எந்தப் பட்டியலிலும் கிடையாது. இதுவரை ஒரே ஒரு உடம்பில்தான் அதைக் கண்டிருந்தார்கள். அது அவனுடைய அக்காவின் உடம்பு.

"பன்னிரண்டாவது எங்கேர்ந்து கிடைச்சுதும்மா?" என்று கேட்டார் தலைமைப் பேராசிரியர்.

"சொல்ல முடியாது, சார்."

"அப்படின்னா நாளைக்குள்ள சொல்லு. இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கோ."

காலை 11.05.

விசாரிக்க வந்தவர் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. இருபத்தெட்டு வருடம் காவல்துறையில் திருட்டு வண்டிகளைத் தேடி அலைந்து ஓய்வு பெற்றவர். ஓய்ந்த பிறகும் இன்ஸ்பெக்டரம்மா என்ற பெயர் அவரை விடவில்லை. புரதம் முட்டையில் இருக்கிறது என்பதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. அந்தக் கட்டடத்தில் அது அபூர்வம்.

"திட்டம் எங்க இருந்துச்சு, தம்பி?"

"இந்த டிராயர்ல, மேடம். பென்டிரைவும் பிரிண்டும் இதுக்குள்ளதான்."

"சாவி?"

"கழுத்துல. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன்."

"யாருக்குக் காட்டினே?"

"யாருக்கும் காட்டல. இன்னும் முடியலையே."

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பதினேழு கட்டுகள், திருத்தம் 1 முதல் திருத்தம் 17 வரை, நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

"இத்தனை வருஷத்துல எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தே?"

"திட்டம் முடிஞ்சாத்தானே மேடம் ஓட்டறது?"

இன்ஸ்பெக்டரம்மா அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு திட்டங்களின் பிறழ்வுப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலைக் கீழே கீழே நகர்த்தி, எத்தனையாவது கண்ணி மாறியது என்ற எண்களை ஒப்பிட்டார். இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்ட பழக்கம். பதினொன்று அச்சாகப் பொருந்தின. பன்னிரண்டாவது மட்டும் ஒட்டவில்லை. மாணவனின் தாளில் 214. புயலின் தாளில் 236.

"இது ஏன் வேற மாதிரி இருக்கு?"

மாணவன் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தான். "அதுதான் அவ லட்சணம்! ஆஸ்பத்திரிக்காரங்க சங்கிலியை முதல் கண்ணியிலேர்ந்து எண்ணுவாங்க. எங்க அக்கா ரிப்போர்ட்ல 236ன்னுதான் இருக்கும். ஆனா முதல் இருபத்திரண்டு கண்ணியை உடம்பே வெட்டிப் போட்டுடும், மேடம். அந்தப் பொதுப் பட்டியல்ல, வெட்டினதுக்கு அப்புறம்தான் எண்ணியிருக்கும். அதனால நானும் கழிச்சு 214ன்னு போட்டேன். அவ அவசரக்குடுக்கை, கழிக்க மறந்துட்டா."

"உன் தாள்ல எங்கயாவது 236 இருக்கா?"

"சீச்சீ. முதல் திருத்தத்துலேர்ந்தே 214தான்."

இன்ஸ்பெக்டரம்மா பதினேழு கட்டையும் பிரித்துப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பையன் சொன்னது உண்மைதான்.

பகல் 12.30.

புயல் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பன்னிரண்டாவதை யாரும்மா கொடுத்தாங்க?"

"சொல்ல மாட்டேன், மேடம்."

"உன்னை அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"திருடலேன்னாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொன்னா, அப்ப யார் கொடுத்தாங்கன்னு கேப்பீங்க. வாக்குக் கொடுத்திருக்கேன்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. திட்டம் எழுத எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள், மேடம்."

பிற்பகல் 3.15.

இன்ஸ்பெக்டரம்மா மாணவனை அவன் வீட்டுக்கே அழைத்துப் போனார். தரைத்தளத்தில் இரண்டு அறை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அக்கா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவர். இப்போது அந்தக் கைகள் மடியில் கிடந்தன.

"தம்பி, திருட்டே நடக்கல," என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டரம்மா. "உன் டிராயரைத் தொட்டிருந்தா அவ தாள்ல 214 இருந்திருக்கும். சரியா கழிச்சு வச்ச நம்பரைத் திருடி, வேலை மெனக்கெட்டு இருபத்திரண்டைக் கூட்டித் தப்பாக்குவாங்களா யாராவது? அவ போட்டது கழிக்காத நம்பர். நேரா ரிப்போர்ட்லேர்ந்து வந்தது. நீயே சிரிச்சுக்கிட்டு சொன்னியே. அவ தப்புன்னு நினைச்சே; அதுதான் அவளுக்குச் சாட்சி."

மாணவன் குறுக்கிட்டான். "அப்ப... ஆஸ்பத்திரியில யாரோ..."

"ஆஸ்பத்திரிக்காரனைக் காப்பாத்தவா ஒரு பொண்ணு தன் படிப்பை விடுவா? ஒரு நோயாளிக்குக் கொடுத்த வாக்குன்னா விடுவா. அந்த ரிப்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"பீரோவுல," என்றார் அக்கா. "நான்தான் கொடுத்தேன். எடுத்த வேலையை முடிச்சுடுவாள்னு இவனே சொன்ன பொண்ணு. அவளை வர வச்சு, நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலியில உக்கார வச்சுக் கொடுத்தேன். இவனுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"ஏன்க்கா? என்கிட்ட..."

"உன்கிட்ட மூணு வருஷம் முன்னாடியே கொடுத்தேன்டா. அன்னிக்கு நான் மாடி ஏறுவேன். போன வருஷம் கேட்டேன், இன்னும் ஒரு திருத்தம்னே. அப்ப நானே தலை வாரிக்குவேன். போன வாரம் கேட்டேன், அதையேதான் சொன்னே. இப்ப எனக்குச் சாப்பாடு ஊட்டறது நீ. எனக்கு இன்னும் எத்தனை திருத்தம் மிச்சம் இருக்குன்னு நினைச்சே?"

"தப்பாயிடக் கூடாதுன்னுதான்க்கா..."

"தெரியும். தப்பானா நான் செத்துடுவேன்னு பயம். நீ சும்மா இருந்தாலும் அதேதான்டா நடக்கும்."

அவனைப் பார்க்கவே இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்க்க மனசும் வரவில்லை. இன்ஸ்பெக்டரம்மா புகாரை வாபஸ் வாங்கும் தாளை எடுத்து அவன் முன் வைத்தார். "நீ கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணு தங்குவா. அந்த இருபத்திரண்டைக் கழிச்சுட்டு நாளைக்கே ஓட்ட ஆரம்பிச்சுடுவா. போடலேன்னா ரெண்டு பேர் திட்டமும் குப்பைக்குத்தான்."

மாணவன் பேனாவை எடுத்தான். எடுத்தவன் நிறுத்தினான்.

"அந்தத் திட்டத்துல என் பேரே இருக்காதேக்கா."

"என் பேரும்தான் இல்ல. பன்னிரண்டுன்னு ஒரு நம்பர். எனக்கு அது போதும்."

போட்டான். தாளை இன்ஸ்பெக்டரம்மா மடித்துப் பைக்குள் வைக்கும் வரை தலை நிமிரவில்லை. பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"நானும் அவகூடச் சேர்ந்து பண்ணட்டுமாக்கா?"

அக்கா அவன் தலையில் கை வைக்கப் பார்த்தார். கை பாதி வரைதான் வந்தது.

"வேண்டாம்டா," என்றார். "நீ சேர்ந்தா லேட்டாகும்."