கட்டிலோரத்துக் கடல்

தையல்காரர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே தண்ணீர் விட்ட பால்போல ஏதோ இருந்தது.

"கடல் தண்ணி சார். உப்பு கரைச்சு நானே செஞ்சது. என்ன பண்ணாலும் தெளிய மாட்டேங்குது. யாரோ வேணும்னே கலக்கி விடறாங்க. யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் நிதானம் என்றே கூப்பிட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். துப்பறியும் வேலையில் அத்தானுக்குத் துணை என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். எந்த வழக்கு வந்தாலும் உட்கார்ந்த சூட்டிலேயே ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுவான்.

"வீட்டுல கடல் எதுக்கு?" என்றார் நிதானம்.

"என் சம்சாரத்துக்குத் தொண்டையில நோய். படுத்த படுக்கை. டாக்டர் கையை விரிச்சுட்டார். ஒரு தடவை கடலைப் பாக்கணும்னா. தூக்கிட்டுப் போற நிலைமையில இல்ல. சரி, கடலை இங்க கொண்டுவந்துடலாம்னு கட்டிலோரமா கண்ணாடித் தொட்டி வச்சேன். தண்ணி தெளிஞ்சாத்தான் மீன் தருவேன்கிறார் கடைக்காரர். அவளுக்கு நாள் இல்ல சார்."

அவர் பாட்டிலை நிதானத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கடைக்காரன்தான் அத்தான்," என்று மைத்துனன் காதில் முணுமுணுத்தான். "தெளிய வைக்கிற மருந்தும் அவன்தானே விப்பான்?"

நிதானம் செருப்பைத் தேடினார்.

வீட்டில் அந்த ஒரே அறைதான் பெரியது. ஒரு பாதியில் தையல் மெஷின், மறுபாதியில் கட்டில், நடுவே தடுப்புச் சுவர் போல அந்த நீளத் தொட்டி. மெஷினில் உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாக மனைவியைப் பார்க்கலாம் என்று யோசித்து வைத்திருந்தார் மனிதர். இப்போது பார்த்தால் வெள்ளை மூட்டம்தான் தெரிந்தது. தொட்டியின் மேல் மூடி கட்டில் பக்கமாகக் கொஞ்சம் விலகியிருந்தது. மூலையில் தண்ணீரின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"இப்படித்தான் சார், தினம் பல தடவை பொங்குது," என்றார் தையல்காரர்.

அறையைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய அக்காள் நிமிர்ந்தாள். "கட்டில்ல ஒருத்தி கிடக்கா, இவன் மீனுக்கு மாளிகை கட்டுறான். அதைத் துடைக்கிறதுக்கு நான் ஒருத்தி."

மைத்துனன் அத்தானை அர்த்தத்தோடு பார்த்தான். கடைக்காரர் அந்த நொடியே விடுதலையாகிவிட்டார்.

கட்டிலில் இருந்தவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அவள் நைட்டியின் ஓரத்தில் பழைய தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் ஓடியிருந்தது. நிதானம் அதைக் கவனிப்பதைப் பார்த்த தையல்காரர், "துவைச்சுத் துவைச்சுத் துணி தளர்ந்துபோச்சு. நான்தான் பிடிச்சுத் தச்சேன்," என்றார்.

"பருத்திதானே?"

"சுத்தப் பருத்தி." சொல்லிக்கொண்டே கட்டிலோரமிருந்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். "டாக்டர் சொன்ன சத்துப் பால் சார். முன்னெல்லாம் பாதி வச்சிடுவா. இப்பப் பாருங்க, சொட்டு மீதியில்ல." வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தது.

நிதானம் குனிந்து கட்டில் பக்கத்தில் தொட்டியின் காலைப் பார்த்தார். எறும்புகள் வரிசையாகத் தொட்டியின் விளிம்புவரை ஏறிக்கொண்டிருந்தன. மெஷின் பக்கத்தில் ஓர் எறும்புகூட இல்லை.

"தொட்டி வச்சதிலேருந்து ஒரு நாளாவது தெளிஞ்சிருந்ததா?"

"இவளை நடுவுல ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். நானும் கூடவே கிடந்தேன். திரும்பி வந்தா, தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு. வந்த மறுநாளே பழையபடி ஆயிடுச்சு."

"அப்ப வீட்டுல?"

"அக்கா இருந்தாங்க. கடைக்காரரும் வந்து வந்து பாத்தாராம்."

நிதானம் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னல் விளிம்பில் வைத்தார். யாரும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தெருவில் மைத்துனன் ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

"அத்தான், அவங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப அக்காவும் கடைக்காரரும் இங்கதான் இருந்திருக்காங்க. தண்ணி தெளிஞ்சிடுச்சு. அப்ப இந்த ரெண்டு பேரும் இல்ல. தையல்காரரேதான்."

"பாதி சரி," என்றார் நிதானம். அவர் முகம் வாடியிருந்தது.

மறுநாள் எல்லோரையும் அதே அறையில் உட்கார வைத்தார். கடைக்காரரும் வந்திருந்தார். ஜன்னலில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்தார்.

"இது மண் தூசியா இருந்தா இந்நேரம் அடியில படிஞ்சிருக்கும். படியல. நாத்தம் வேற அடிக்குது. இது கண்ணுக்குத் தெரியாத கிருமி. தீனி கிடைச்சாப் பெருகும். மீனே இல்லாத தொட்டியில தீனி எங்கேருந்து வரும்?"

"வராது," என்றார் கடைக்காரர். "யாராவது போட்டாத்தான் உண்டு."

"போடறாங்க. வெறும் உப்புத் தண்ணிக்கு எறும்பு வராது. கட்டில் பக்கம் மட்டும் இனிப்பா ஏதோ சிந்தியிருக்கு. மூடி விலகியிருக்கிறதும் அந்தப் பக்கம்தான். தினம் பல தடவை நுரை பொங்குது. இந்த வீட்டுல தினம் பல தடவை நடக்கிறது வேற என்ன?"

நிதானம் தையல்காரரைப் பார்த்தார். தொடர அவருக்கு மனம் வரவில்லை.

"பருத்தி துவைச்சாச் சுருங்கும். தளராது. அது உங்களுக்குத் தெரியாதா? இளைச்சது அவங்க உடம்பு. பாலை முழுசாக் குடிக்கிறவங்க ஏன் இளைக்கணும்?"

தையல்காரர் வாயைத் திறந்தார்.

"விடுங்க சார், நானே சொல்றேன்." தொட்டிக்கு அப்பாலிருந்து, கரகரத்த மெல்லிய குரல் வந்தது. "பால் இறங்க மாட்டேங்குது. முள்ளு வச்சுக் கீறுற மாதிரி இருக்கு. ஒரு நாள் எங்க கொட்டுறதுன்னு தெரியாம இதுக்குள்ள கொட்டிட்டேன். இவர் வந்து காலி டம்ளரைப் பாத்தார். அவ்வளவு சந்தோஷம். கல்யாணத்தன்னிக்குக்கூட இவர் இப்படிச் சிரிக்கல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"கடலைப் பாக்கணும்னு கேட்டியேம்மா," என்றாள் நாத்தனார். குரலில் நேற்றைய எரிச்சல் இல்லை.

"கேட்டேன். அப்புறம் வேண்டாம்னும் சொல்லிப் பாத்தேன். இவர் கேக்கலையே."

தையல்காரர் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. பால் டம்ளரை எடுத்துத் தூரத் தள்ளி வைத்தார். எல்லோரும் ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள்.

அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் வயிறுவரை பரவிவிட்டதாம். குழாய் வைத்து ஊட்டவும் வழியில்லை என்று வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் கழித்துத் தையல்காரர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தண்ணி தெளிஞ்சிடுச்சு சார். இன்னும் பொறுக்கணும்னார் கடைக்காரர். எனக்குப் பொறுக்க நேரமில்லைன்னேன். ரெண்டு மீனைக் கொண்டுவந்து விட்டார்."

"அவங்க பாத்தாங்களா?" என்று மைத்துனன் ஆவலாகக் கேட்டான்.

"கண்ணைத் திறக்கிறதே இல்லப்பா."

அவர் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"மெஷின்ல உக்காந்தா அந்தப் பக்கம் எல்லாம் பளிச்சுனு தெரியுது சார். எச்சில் முழுங்க அவ படற பாடு, கை கட்டிலைப் பிடிக்கிறது, எல்லாம் தெரியுது. உங்களைக் குத்தம் சொல்லல. கேட்டது நான்தான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அது கலங்கியே கிடந்திருக்கலாம்."